மணவிழாவுக்கு இடந்தேர்தல்

(பேசின் பிரிட்ஜில் நடைபெற்ற நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பட்ட பொருள் மணவிழாவுக்கு இடந்தேர்தல் என்பதாகும். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பார்க்குக் கலியாண மண்டபத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் வீடுகளில் நிச்சயதாம்பூலம் மாற்றிய மறுநாளே எழும் முதல் வினா, "எந்த மண்டபம்?" என்பதாகவே இருக்கின்றது. மணமக்கள் குணத்தாற் பொருந்துவரா என்று ஆராயச் செலவிடும் நாட்களினும், மண்டபந் தேடி அலையும் நாட்கள் மிகுந்துவிட்டன. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பழமொழி. தை பிறக்குமுன் மண்டபம் பிடிக்காதவர்க்கு வழியில்லை என்பது இற்றைநாள் வழக்கு. ஆதலின் இப்பொருள் சிறிதன்று.

மணவிழாவுக்கு இடம் எதற்காக வேண்டப்படுகின்றது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். அகநானூற்றின் 86-ஆம் பாட்டிலும் 136-ஆம் பாட்டிலும் நம் முன்னோர் நிகழ்த்திய மணவிழா கூறப்படுகின்றது. முதற்பாட்டில் உழுந்து கலந்த களியுணவு சுற்றத்தார்க்குப் படைக்கப்படுகின்றது. கால் நட்டு நிழல் செய்த பந்தரில் புதுமணல் பரப்பப்படுகின்றது. விளக்கேற்றி மாலை தொங்கவிடுகின்றனர். மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அங்கே இடம் என்பது நிழலும் மணலும் விளக்குமே. இடத்தை விழாவாக்கியவர் அங்கு வந்த சுற்றத்தார். அவர்கள் வராதிருப்பின், எத்துணை உயர்ந்த பந்தராயினும் வெற்றுக் கால்களே என்க.

இக்கருத்தை இன்னும் ஆழமாக விளக்கும் வரலாறு ஒன்று நம் அண்டையிலேயே உள்ளது. சேக்கிழார் அருளிய பெரியபுராணத்தில், சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த செய்தி வருகின்றது. ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்த சங்கிலியார்க்கு, நாயனார் தம்மைப் பிரியேன் என்று சூளுரைத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. திருவாரூரில் பரவையாரை முன்னரே மணந்திருந்த நாயனார், இறைவன் திருமுன் அத்தகைய சூளுரைப்பின் மீறவியலாதே என்று அஞ்சி, சூளுறும் வேளையில் இறைவன் கருவறை நீங்கி மகிழமரத்தடியில் எழுந்தருளியிருத்தல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இறைவனோ இதனைச் சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்திவிட்டான். ஆகவே, "கருவறையில் வேண்டா, மகிழின் கீழே போதும்" என்றனர் மகளிர். வேறு வழியின்றி நாயனார் மகிழடியிற் சூளுரைத்து மணந்தார். பின்னர்ச் சூள் பிழைத்து ஒற்றியூரெல்லை நீங்கியபோது கண்பார்வையை இழந்தார். இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடிச் சேவை ஆங்கே நிகழ்கின்றது.

அன்பர்களே, இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ? கோபுரமும் தூணும் விளக்கும் உடைய கருவறையை விடுத்து, ஒரு மரத்தின் நிழலைத் தேர்ந்தனர் சங்கிலியார் தரப்பினர். ஏன்? சான்று அங்கே இருந்தது. மணவிழாவுக்கு இடந்தேரும் இலக்கணம் இது ஒன்றே: சான்றாவார் எங்கே வந்து நிற்கக்கூடுமோ, அதுவே தக்க இடம்.

இற்றைநாட் சட்டமும் இடத்தைப் பற்றி ஆரவாரம் செய்யவில்லை. 1967-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு செய்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்திற் சேர்ந்த 7-அ பிரிவு, உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிற்க, ஒருவரையொருவர் ஏற்று, மாலையேனும் மோதிரமேனும் மாற்றிக்கொள்ளினும் தாலி கட்டினும் மணம் செல்லும் என்கின்றது. இப்பிரிவின்படி நிகழும் மணத்துக்கு ஊரறிந்த விழா கட்டாயமன்று என்று 2023-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் கூறியுள்ளது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம், மணம் நிகழ்ந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும் என்கின்றது. அதனை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். மண்டபத்துக்கு ஓராண்டு முன்னரே முன்பணம் கட்டுவார், பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு பகற்பொழுது ஒதுக்குவதில்லை. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது 50 பேர்க்கு மேல் மணவிழாவிற் கூடலாகாது என்று வரையறுத்தனர். அந்நாளில் வீட்டுத் திண்ணையிலும் கோயில் வாயிலிலும் மணந்தோர், ஆயிரம் பேர் உண்டு மகிழ்ந்த மண்டபத்தில் மணந்தோரினும் எவ்வகையிற் குறைந்தனர்?

இது நிற்க. இனி நம் ஊரைப் பற்றிப் பேசாது இப்பொருளை முடித்தல் இயலாது. ஒரு செய்தியை யாம் மனவருத்தத்துடன் கூறுகின்றேம். நம்மவர் அழைப்பிதழ்களை நோக்குங்கள். பெற்றோர் முகவரி பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி, மூலக்கொத்தளம் என்றிருக்கும். மண்டபமோ நகரின் தென்கோடியில் இருக்கும். ஏன் என்று வினவினால், "வருவோர் நம் பகுதியைப் பார்த்து என்ன நினைப்பர்?" என்று விடை வரும். புகை, கால்வாய் நாற்றம், சரக்கு லாரி, குப்பைமேடு ஆகியவற்றைச் சொல்லிச் சொல்லி, பிறந்த ஊரை மறைக்கவேண்டிய குறையாக எண்ணப் பழகிவிட்டோம். இடந்தேர்தலில் நேரும் முதற் பிழை இந்நாணமே என்பது எம் கருத்து.

இவ்வூர் நாணத்தக்கதோ? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்பார் எண்ணூர் நோக்கி வெட்டுவித்த கால்வாயே, பின்னர் 1877, 1878-ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் பட்டினியால் வாடிய மக்களின் உழைப்பால் விரிந்து, பக்கிங்காம் கால்வாய் என்னும் பெயர் பெற்றது. படகுகள் தங்கிய நீர்நிலையைப் 'பேசின்' என்றனர். அங்கமைந்த பாலம் ஊர்ப்பெயராயிற்று. தென்னாட்டின் முதல் இரயில் 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் புறப்பட்டது நம் இராயபுரத்திலிருந்தே. சென்னைத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தபோது அம்மின்சாரம் பிறந்த இடம் பேசின் பிரிட்ஜ். 1996-ஆம் ஆண்டில் 120 மெகாவாட் ஆற்றலுடைய எரிவாயுச் சுழலி நிலையமும் இங்கேயே அமைந்தது. வடக்கேயும் மேற்கேயும் செல்லும் இருப்புப்பாதைகள் பிரியும் சந்தியும் இதுவே. நெடுந்தொலைவு ஓடிவந்த இரயிற்பெட்டிகள் கழுவப்பெற்றுப் பழுது பார்க்கப்படுவதும் இங்கேயே. நகருக்கு ஒளியும் ஓட்டமும் தந்த உழைப்பாளர் வாழும் ஊர் தன் பெண்களுக்கு மணம் முடிக்கத் தகுதியற்றதாயிற்றோ? புகையும் அழுக்கும் நம் குற்றத்தால் வந்தன அல்ல. நகரத்தார் அனைவர்க்குமாக நாம் சுமப்பன. அவை நீங்க முறையிடல் வேண்டும். அவற்றுக்காக நாணி ஓடுதல் வேண்டா.

தொலைவில் இடங்கொள்வதால் நேர்வது யாது? எமக்குத் தெரிந்த இரயில்வே தொழிலாளர் ஒருவர், பிள்ளை வீட்டார் விருப்பத்துக்கு இணங்கித் தம் மகளுக்குத் தெற்கே ஒரு குளிரூட்டிய மண்டபம் பிடித்தார். முகூர்த்தம் காலை ஆறு மணி. அப்பெண்ணைத் தூக்கி வளர்த்த பாட்டியார்க்கு முழங்கால் வலி; முதல்நாள் இரவு தங்க அறை போதவில்லை. தெருவில் அவளுடன் விளையாடி வளர்ந்தோர்க்கு விடியுமுன் பேருந்தில்லை. தாலி கட்டும் நேரத்தில் அங்கிருந்தோர் பெரும்பாலார் பிள்ளை வீட்டாரின் அலுவலக நண்பர். அத்தொழிலாளர் பின்னர் எம்மிடம், "மண்டபம் நிறைய ஆள் இருந்தாங்க ஐயா, என் ஆளுங்கதான் இல்ல" என்றார். அச்சொல்லுக்கு உரை வேண்டுவதில்லை.

அடுத்து, பொருளைப் பற்றிய கணக்கு. மண்டபத்தைத் தேர்வார் ஒருவர், வாடகை தருவார் மற்றொருவர் என்பதே நம் வழக்கத்தின் பெருங்கேடு. பிள்ளை வீட்டார் பெயர் குறிப்பர். பெண் வீட்டார் கடன் குறிப்பர். வாடகை 2,00,000 ரூபாய் என்று கொள்வோம். அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் 36,000 ரூபாய். மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, பாத்திரம் என்று தனித்தனியே எழுதப்படும் தொகைகள் வேறு. அழைப்பு மாலை முதல் மறுநாட் பிற்பகல் வரை ஒன்றரை நாளுக்கு இது. இவற்றையெல்லாம் நிரப்ப 3,00,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினார் என்க. திங்கள்தோறும் வட்டி மட்டும் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000. நான்காண்டு வட்டி கட்டினால் 2,88,000 ரூபாய் போய், முதல் அப்படியே நிற்கும். அதற்குள் அம்மகள் தாயாகிக் குழந்தையைப் பள்ளியிற் சேர்க்கும் காலம் வந்துவிடும். அந்நாளில் தந்தையிடம் கைம்மாற்றுக் கேட்டு வந்தால், அவர் காட்டுதற்கு மண்டபத்து ரசீது ஒன்றே இருக்கும்.

சிலப்பதிகாரத்தை நினைவு கூருங்கள். புகாரும் நம்மூர் போன்றதொரு துறைமுகப் பட்டினம். அங்கே கோவலன் கண்ணகி மணத்துக்கு மகளிரை யானைமேலேற்றி ஊரெங்கும் அழைப்புக் கூறினர். வயிரத் தூண்களும் நீல மேற்கட்டியும் முத்துப்பந்தலும் ஒளிவிட்டன. எனினும் செல்வம் அழிந்த நாளில் அவர்க்குக் கைகொடுத்தது அப்பந்தல் அன்று. கண்ணகி காலிற் பூண்டிருந்த சிலம்பே எஞ்சி நின்றது. மகளுக்கு எஞ்சி நிற்பதைத் தருவதா, மாலைக்குள் அவிழ்க்கப்படுவதைத் தருவதா என்பதைப் பெற்றோர் ஆராய்தல் வேண்டும்.

ஆயின், அருகில் உள்ளதெல்லாம் நன்று என்று யாம் கூறவில்லை. இடத்தைக் கண்ணாற் கண்டு ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். அவ்வாறு ஆராயுமிடத்து நோக்கத்தக்கன சிலவற்றைக் கூறுவேம்.

முதலாவது, மேடையையும் வாயிலலங்காரத்தையும் காணுமுன் உணவுக்கூடத்தைக் காண்க. விருந்தினர் 1,000 பேர், ஒரு பந்திக்கு 200 இலை என்றால் ஐந்து பந்தி. பந்திக்கு முக்கால் மணி நேரம் கொண்டால் நான்கு மணி நேரத்துக்கு அணித்தாகும். காலை உணவு முடியுமுன் பகலுணவு தொடங்கும். உட்கார்ந்திருப்பார் பின்னே அடுத்தவர் நாற்காலியைப் பற்றிக்கொண்டு நிற்கும் இழிநிலை இதனாலேயே நேர்கின்றது. விருந்தோம்பல் என்று திருவள்ளுவர் ஓரதிகாரம் வகுத்த நாட்டில், உண்பாரை எழுப்பி விரட்டும் கூடத்தைப் பெரிய மண்டபம் என்று சொல்லுதல் தகாது.

இரண்டாவது, உள்ளே வரும் வழியினும் வெளியேறும் வழியை எண்ணுக. 2004-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் திருவரங்கத்தில் ஒரு மணவிழாவில் தீப்பற்றிய கொடுமையை நாடறியும். மாடியிற் கீற்றுப் பந்தலிற் பற்றிய தீயில், குறுகிய படிவழியே இறங்கவியலாது 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மணமகனும் அவருள் ஒருவர். படிக்கட்டுகள் எத்தனை, அவற்றின் அகலம் என்ன, பின்வாயில் பூட்டப்பட்டுள்ளதா, தீயணைப்புக் கருவி உள்ளதா என்று வினவுதற்குக் கூசவேண்டா. முதியோர் ஏறுதற்கு லிப்டு ஓடுகின்றதா, கழிப்பறை தரைத்தளத்தில் உள்ளதா என்பனவும் இதனைச் சார்ந்தவை.

மூன்றாவது, மழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தம் வைப்போர் நம் பகுதியின் நீர்நிலையை அறிந்திருத்தல் வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் மிக்ஜாம் புயலின்போது, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே உள்ள 14-ஆம் எண் இரயிற்பாலத்தில் வெள்ளம் உயர்ந்து, சென்டிரலுக்கு வரும் வண்டிகள் பல நின்றுபோயின. கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் நின்றால் வியாசர்பாடியார் சுற்றிக்கொண்டு வரநேரும். ஆகவே மழைக்காலத்தில் மணம் வைப்போர், ஒரு பெருமழைக்கு மறுநாட் காலை அம்மண்டபத்தின் வாயிலிற் சென்று நின்று பார்த்தல் நன்று. தரகர் நூறு முறை சொல்வதினும் அத்தெருவின் நீர்மட்டம் உண்மை சொல்லும்.

நான்காவது, வந்து சேரும் வழி. வெளியூரிலிருந்து விரைவு வண்டியில் வருவோர், சென்டிரல் கண்ணுக்குத் தெரிய, பேசின் பிரிட்ஜருகே நடைமேடைக்காகக் காத்துக் கிடப்பதை நாம் நாடோறும் காண்கின்றோம். அவர்க்கு இடையில் ஒரு மணி நேரமேனும் விட்டு நேரம் குறித்தல் வேண்டும். மெட்ரோ இரயில் 2019-ஆம் ஆண்டில் வண்ணாரப்பேட்டை வரையிலும் 2021-ஆம் ஆண்டில் விம்கோ நகர் வரையிலும் வந்துவிட்டது. விமான நிலையத்தில் ஏறுவோர் வண்டி மாறாமலே தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் சேரலாம். வடசென்னைக்கு வருதல் அரிது என்னும் பழஞ்சொல் இனிச் செல்லாது.

ஐந்தாவது, ஒலி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைத்தல் விதிப்படி குற்றம். இரவுப்பணி முடித்து உறங்குவோரும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், நோயாளரும் மண்டபத்தைச் சுற்றி வாழ்கின்றனர். மங்கலம் வேண்டி நாம் கூடும் இடம் பிறர் வாய்ச்சாபத்துக்கு இடமாதல் கூடாது.

இனி, பொருள் சுருங்கியவர்க்குரிய இடங்கள் யாவை? மாநகராட்சிக்குரிய சமுதாய நலக்கூடங்கள் குறைந்த கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலும், பூங்காநகர்க் கந்தகோட்டமும், தம்புச்செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயிலும் நம்மைச் சுற்றி உள்ளன. தெய்வத்தின் முன் தாலி கட்டி, அண்மையில் ஒரு சிறு கூடத்தில் விருந்திடுதல் எவ்வகையிலும் குறைவன்று. வறிய இணையர்க்கு இந்து சமய அறநிலையத்துறை 2022-ஆம் ஆண்டு முதல் கோயில்களில் இலவசமாக மணம் நடத்தி வருகின்றது. அதனை நாடுவோரை நம்மவர் ஏளனம் செய்தல் பெரும்பாவம். காவல்துறையிடமும் மாநகராட்சியிடமும் இசைவு பெற்று, தம் தெருவிலேயே பந்தலிட்டு மணம் முடிப்போரும் உளர். அவரே அகநானூற்று மரபினர் என்று யாம் கூறத் துணிவேம்.

நிறைவாக, இச்சங்கத்தார்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேம்.

ஒன்று: மண்டபத்தைக் குறிப்போரே அதன் வாடகையிற் பாதியையேனும் ஏற்றல் வேண்டும் என்னும் வழக்கத்தை நம் வீடுகளில் நிலைநாட்டுவோம். பிள்ளை வீட்டார் பாதி கொடுக்கத் தொடங்கினால், அவர் கண்ணுக்கும் அண்மையிலுள்ள எளிய கூடம் அழகாய்த் தோன்றும் என்பதில் ஐயமில்லை.

இரண்டு: இடங்குறிக்குமுன் இரு வீட்டாரும் கூடியிருந்து, வந்தே ஆகவேண்டியவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுக. பாட்டனார், பாட்டிமார், அத்தை, மாமன், தெருவார், உடன் பணிபுரிவார் என்று எழுதி, அவருள் மூத்தவரும் மெலிந்தவரும் எளிதில் வந்து போதற்குரிய இடத்தையே கொள்க. காண்போர் வியத்தற்குரிய இடம் என்பதை அதன்பின் எண்ணுக.

மூன்று: பெருமண்டபம் ஒன்று கட்ட நிதி திரட்டுதல் வேண்டும் என்று இளைஞர் சிலர் கூறுகின்றனர். அது நன்றே, ஆயின் நாட்செல்லும். அதுவரை அண்டா, குண்டான், குத்துவிளக்கு, ஜமுக்காளம், நாற்காலி ஆகியவற்றைச் சங்கத்துக்கென வாங்கி வைத்து, கேட்பார்க்கு வாடகையின்றிக் கொடுப்போம். நம் குலத்தார்க்கு மட்டுமன்று; நம் தெருவில் வாழும் எவ்வகுப்பார் கேட்பினும் கொடுப்போம். நம் வீட்டுத் துன்பத்துக்கு முதலில் ஓடிவருவார் அவரே ஆதலின், நம் பாத்திரத்தில் அவர் வீட்டு மணச்சோறு வேகுதல் நமக்கும் மங்கலமாம். நாளை மண்டபம் எழினும் இவ்விதியே அதற்கும் ஆகுக.

மணமக்கள் வாழப்போவது மண்டபத்தில் அன்று. இங்குள்ள சந்துகளிலும் மாடி வீடுகளிலும். அவர்க்கு நோய் வந்தால் மருந்து வாங்கி வருவாரும், குழந்தை பிறந்தால் தொட்டில் கட்ட வருவாரும், பூசல் நேர்ந்தால் நடுநின்று தீர்ப்பாரும் இங்குள்ளாரே. அவர்கள் கண்ணெதிரே, கடனில்லாமல், தாலி ஏறுமாயின் அதுவே சிறந்த இடம். அவ்வாறு இடந்தேரும் துணிவை நம் பெற்றோர் அனைவர்க்கும் ஒற்றியூர்ப் பெருமான் அருள்வானாக.